பணம் வந்ததா? நிலைத்ததா? கைக்கு எட்டியதா?

தருமபுரிச் சந்தையில் புளி விற்கும் வாணிகருக்கும் அதை வாங்குபவருக்கும் இடையே நிற்பது ஒரு தராசு மட்டுமே. ஒரு கை பொருளைக் கொடுக்கிறது; மறு கை பணத்தைப் பெறுகிறது. இரண்டு செயல்களும் ஒரே நேரத்தில் முடிந்துவிடுவதால் நம்பிக்கை என்ற பேச்சுக்கு அங்கே அதிக வேலை இல்லை. நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும். அதே புளியையோ, பென்னாகரம் பக்கத்துச் சாமையையோ, இணையத்தின் வழியாகக் கோயம்புத்தூரில் அல்லது கனடாவில் இருக்கும் ஒருவருக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது பொருள் ஒரு வழியில் செல்கிறது. பணம் வேறொரு வழியில் வருகிறது. இரண்டுக்கும் நடுவே முகம் தெரியாத நிறுவனம் ஒன்று நிற்கிறது. அதுதான் பணப் பட்டுவாடாச் சேவை.

இணைய வணிகத்தில் வாங்குபவர் ஏமாறுவதைப் பற்றி நாளேடுகளில் நிறையப் படிக்கிறோம். விற்பவரின் அச்சம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் மனத்தில் எப்போதும் மூன்று கேள்விகள் உண்டு. பணம் வந்ததா? வந்த பணம் நிலைக்குமா? நிலைத்த பணம் என் கைக்கு எட்டுமா? இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு விடை ஐயமாகிவிட்டால், அந்தச் சேவை எவ்வளவு விரைவானதாக இருந்தாலும் விற்பவர் அதைவிட்டு விலகத் தொடங்குவார். இந்த மூன்று கேள்விகளின் வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

அஞ்சல்காரர் கையில் வந்த பணம்

தொலைவிலிருந்து விற்பது இணையம் கண்டுபிடித்த புதுமை அன்று. இந்திய அஞ்சல் துறை 1877-ஆம் ஆண்டிலேயே வி.பி.பி. என்னும் முறையைத் தொடங்கியது. விற்பவர் பொருளை அஞ்சலில் அனுப்புவார். அஞ்சல்காரர் அதை வாங்குபவர் வீட்டுக்குக் கொண்டு சென்று, விலையைப் பெற்றுக்கொண்ட பிறகே பொருளைக் கொடுப்பார். வசூலான தொகை மணியார்டராக விற்பவருக்குத் திரும்பி வரும். அஞ்சலகங்கள் மணியார்டர் சேவையை ஏற்று நடத்தத் தொடங்கியது 1880-இல். புத்தகங்கள், விதைகள், மருந்துகள், கைக்கடிகாரங்கள் எனப் பலவும் இந்த வழியில் சிற்றூர்களுக்குச் சென்று சேர்ந்தன.

இந்த முறையில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. மணியார்டர் அனுப்பியவருக்குப் பெற்றவரின் கையெழுத்துடன் ஒரு சிறு ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்தது. பணம் போவது ஒரு செயல். பணம் போய்ச் சேர்ந்தது என்ற செய்தி திரும்பி வருவது இன்னொரு செயல். இவ்விரண்டும் வேறு வேறு என்பதை அன்றைய அஞ்சல் துறை நன்கு அறிந்திருந்தது. இன்றைய கணிப்பொறி வலைகளின் சிக்கல்களில் பாதி இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

வி.பி.பி.யிலும் குறை இருந்தது. வாங்குபவர் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் போக்குவரத்துச் செலவு விற்பவர் தலையில் விழும். எனினும் ஒருமுறை கைக்கு வந்த மணியார்டர்ப் பணத்தை யாரும் திரும்பப் பிடுங்கியதில்லை. இரண்டாம் கேள்விக்கு அன்று உறுதியான விடை இருந்தது.

மூன்றாம் கேள்வியின் கடுமையைச் சென்னை மாகாணம் 1906-இல் உணர்ந்தது. சென்னையில் பெரும் பெயர் பெற்றிருந்த ஆர்பத்நாட் கம்பெனி அவ்வாண்டு அக்டோபர் 22-ஆம் நாள் முறிந்தது. அதில் பணம் போட்டிருந்த உழவரும் ஓய்வூதியரும் வாணிகரும் நிலைகுலைந்தனர். கணக்கேட்டில் தொகை இருந்தது. கையில் எடுக்க வழியில்லை. அந்த அதிர்ச்சியின் விளைவாக 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. இடையில் நிற்பவரிடம் பணம் தங்கும் காலம் முழுவதும் அது அவருடைய நலத்தைப் பொறுத்தது என்பதே அந்நிகழ்ச்சி கற்பித்த பாடம்.

இணையத்தில் புதிய இடைநிலையாளர்

1990-களின் இறுதியில் அமெரிக்காவில் ஈபே என்னும் இணைய ஏலச் சந்தை வளர்ந்தது. அங்கே விற்றவர்களில் பலர் வீட்டில் இருந்தபடியே பழம்பொருள்களை விற்றவர்கள். கடன் அட்டையை ஏற்கும் வசதி அவர்களிடம் இல்லை. வாங்குபவர் காசோலையை அஞ்சலில் அனுப்பி, அது வங்கியில் தேறிய பிறகே பொருள் புறப்படும். இந்தத் தாமதத்தை நீக்க வந்த நிறுவனங்களுள் முன்னணிக்கு வந்தது பேபால். 1998-இல் வேறொரு பெயரில் தொடங்கிய இந்நிறுவனம், மின்னஞ்சல் முகவரி ஒன்றிருந்தால் பணம் அனுப்பலாம் என்ற எளிமையால் வேகமாகப் பரவியது. 2002-இல் ஈபே நிறுவனமே அதை வாங்கிக்கொண்டது.

வேகத்தோடு மோசடியும் வந்தது. திருடிய அட்டை எண்ணைக் கொண்டு ஒருவன் பொருளை வாங்குகிறான். அட்டைக்கு உரியவர் தம் வங்கியில் முறையிடுகிறார். வங்கி அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பொருளோ போய்விட்டது. நட்டம் பேபாலுக்கு, அல்லது விற்றவருக்கு. 2000-ஆம் ஆண்டின் நடுவில் மாதம் 1 கோடி டாலருக்கு மேல் இவ்வாறு இழந்ததாக அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான பீட்டர் தீல் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இதைத் தடுக்க, ஐயத்துக்குரிய பரிமாற்றங்களைத் தானே கண்டுபிடிக்கும் கணிப்பொறி முறைகள் உருவாக்கப்பட்டன. ஐயம் தோன்றினால் கணக்கு முடக்கப்படும். மோசடி குறைந்தது; நேர்மையான விற்பனையாளர்களும் சிக்கினர். தம் கணக்குகள் முடக்கப்பட்டன என்றும், முறையிட்டும் பயனில்லை என்றும் 2002-இல் பலர் அமெரிக்க நீதிமன்றத்தில் கூட்டாக வழக்குத் தொடுத்தனர். தன்மீது தவறில்லை என்று கூறியவாறே, 2004-இல் 92.5 லட்சம் டாலர் தந்து அந்நிறுவனம் வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது.

நேர்மையானவர் சிக்குவது ஏன்?

இதற்கு யாருடைய தீய எண்ணமும் காரணமாக இருக்கவேண்டியதில்லை. எளிய கணக்கே போதும். இயற்பியல் ஆய்வகத்தில் ஒவ்வொரு கருவிக்கும் பிழை உண்டு என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். மோசடியைக் கண்டுபிடிக்கும் முறையும் ஒரு கருவியே. அது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொல்லும் என்று கொள்வோம். ஒரு நாளில் 1,00,000 பரிமாற்றங்கள் நடக்கின்றன. அவற்றுள் 100 மோசடியானவை. மீதி 99,900 நேர்மையானவை. இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள்.

கருவி 100 மோசடிகளில் 99-ஐப் பிடித்துவிடும். மிக நன்று. ஆனால் 99,900 நேர்மையான பரிமாற்றங்களில் நூற்றுக்கு ஒன்று வீதம், அதாவது 999-ஐ, மோசடி என்று தவறாகக் குறித்துவிடும். ஆக மொத்தம் தடுக்கப்பட்டவை 1,098. அவற்றுள் உண்மையான மோசடி 99 மட்டுமே. ஏறத்தாழப் பதினொன்றுக்கு ஒன்று! 'எங்கள் முறை 99 விழுக்காடு சரியானது' என்று நிறுவனம் சொல்வதும் உண்மை. 'முடக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள்' என்று விற்பவர்கள் சொல்வதும் உண்மை. மோசடி அரிதாக இருக்குமிடத்தில் இந்த இரண்டு உண்மைகளும் ஒன்றாகவே வாழும். ஆகவே, தவறாகச் சிக்கியவர் விரைவில் வெளியே வர ஒரு வாயில் இருக்கிறதா என்பதே கருவியின் திறமையைவிடப் பெரிய கேள்வியாகிறது.

2010 பிப்ரவரி: இந்திய விற்பனையாளர் கண்ட அதிர்ச்சி

இந்தியாவிலிருந்து வெளிநாட்டாருக்கு விற்ற கைவினைப் பொருள் வாணிகர்களும், இணையப் பக்கம் வடிவமைத்துக் கொடுத்தவர்களும், எழுத்துப்பணி செய்தவர்களும் 2000-களில் பெருமளவில் பேபாலை நம்பியிருந்தனர். 2010 பிப்ரவரித் தொடக்கத்தில் அந்நிறுவனம் இந்தியாவுக்கும் இந்தியாவிலிருந்தும் செல்லும் தனியார் பணப் பரிமாற்றங்களைத் திடீரென நிறுத்தியது. அத்துடன், இந்திய விற்பனையாளர்கள் தம் கணக்கில் இருந்த பணத்தை உள்ளூர் வங்கிக்கு மாற்றும் வழியும் அடைபட்டது. தனிநபர்களுக்கிடையே செல்லும் தொகைகள் வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் பணமாகக் கருதத்தக்கவையா, அப்படியானால் அதற்குரிய அனுமதி எங்கே என்று இந்தியக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கேட்டதே காரணம்.

மூன்று கேள்விகளைப் பொருத்திப் பாருங்கள். பணம் வந்ததா? வந்தது, கணிப்பொறித் திரையில் எண் தெரிந்தது. நிலைத்ததா? நிலைத்தது. கைக்கு எட்டியதா? இல்லை. ஆர்பத்நாட் காலத்து நிலைமை வேறு உருவில் திரும்பியது எனலாம். ஒரு வேறுபாடு உண்டு: இங்கே நிறுவனம் முறியவில்லை, அதற்கும் நாட்டின் விதிகளுக்கும் இடையே இருந்த பொருத்தமின்மைதான் கதவைச் சாத்தியது. எடுக்கும் வசதி மார்ச் மாதத்தில், ஏற்றுமதி விவரத்தைக் குறிப்பிடவேண்டும் என்ற நிபந்தனையுடன், மீண்டும் வந்தது.

அடுத்த மாற்றம் 2011-இல் வந்தது. இந்திய ரிசர்வ் வங்கி 2010 நவம்பரில் வெளியிட்ட விதியின்படி, இத்தகைய சேவைகளின் வழியாக ஓர் ஏற்றுமதிக்கு 500 டாலர் வரையே பெறலாம் என்றாயிற்று. 2011 மார்ச் 1 முதல் பேபால் இதைச் செயல்படுத்தியது. வந்த பணத்தைக் கணக்கிலேயே வைத்துக்கொண்டு வேறு பொருள் வாங்கவும் இயலாது. ஏழு நாட்களுக்குள் வங்கிக்கு மாற்றியாக வேண்டும். இந்த வரம்பு 2011 அக்டோபரில் 3,000 டாலராகவும், 2013-இல் 10,000 டாலராகவும் உயர்த்தப்பட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஒவ்வொரு முறையும் புதிய விளக்கம் சொல்ல வேண்டியிருந்த சிறு விற்பனையாளர் பலர் வேறு வழிகளை நாடினர். இந்தியாவுக்குள் நடக்கும் பட்டுவாடாவைப் பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து வரும் வணிகத்தை மட்டும் தொடர்ந்தது.

ஏழு நாள் விதி அன்று விற்பவருக்குத் தொல்லையாகத் தோன்றினாலும், அதன் உட்கருத்து ஆர்பத்நாட் தந்த பாடமே: இடைநிலையாளரிடம் பணம் நெடுநாள் தங்கக் கூடாது. உள்நாட்டுச் சேவைகளுக்கும் ரிசர்வ் வங்கி 2009 நவம்பரில் இதே வழியைக் காட்டியிருந்தது. வாங்குபவரின் பணம் நிறுவனத்தின் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பரிமாற்றம் முடிந்த சில நாட்களுக்குள் விற்பவருக்குப் போய்ச் சேர வேண்டும். 2020 மார்ச்சில் வந்த விதிகள், பணம் வசூலித்துத் தரும் நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற வேண்டும் என்றும், வசூலான தொகையை வங்கியில் காப்புக் கணக்கில் வைக்க வேண்டும் என்றும் கூறின.

யு.பி.ஐ.யும் தகடூர் முற்றுகையும்

2016 ஏப்ரல் 11-ஆம் நாள் யு.பி.ஐ. அறிமுகமாயிற்று. இதில் பணம் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்கு நேராகவே செல்கிறது. இடையில் நிறுவனத்தின் கணக்கில் அது தங்கவேண்டியதில்லை. மூன்றாம் கேள்விக்கு இது பெரும் விடை. ஆனால் முதல் கேள்வி புதிய வடிவில் எழுந்தது. வாங்குபவர் கைப்பேசியில் 'பணம் கழிந்தது' என்று தெரிகிறது. விற்பவருக்கு ஒன்றும் வரவில்லை. யார் சொல்வது மெய்?

இதை விளங்கிக்கொள்ள ஒரு கற்பனை. நம் தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதன் கோட்டையை இரு படைத்தலைவர்கள் எதிரெதிரான இரு குன்றுகளில் நின்று முற்றுகையிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே நேரத்தில் தாக்கினால் வெற்றி. ஒருவர் மட்டும் தாக்கினால் அழிவு. முதல் தலைவர் 'நாளை விடியலில் தாக்குவோம்' என்று தூதனிடம் ஓலை கொடுத்து அனுப்புகிறார். தூதன் வழியில் பிடிபடலாம். ஆகவே பதில் வரும்வரை அவருக்கு உறுதியில்லை. இரண்டாமவர் 'ஓலை கிடைத்தது' என்று பதில் அனுப்புகிறார். அந்தப் பதில் சேர்ந்ததா என்பது இப்போது அவருக்குத் தெரியாது. அதற்கும் ஓர் ஒப்புகை வேண்டும். ஒப்புகைக்கு ஒப்புகை, அதற்கு மேலும் ஓர் ஒப்புகை என்று இது முடிவே இல்லாமல் நீளும். செய்தி தவறிப்போகக்கூடிய வழியில் எத்தனை தூதரை அனுப்பினாலும் இருவருக்கும் ஒருசேர முழு உறுதி கிட்டாது. இந்தச் சிக்கலை 1975-இல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்ற மூன்று அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். 1978-இல் ஜிம் கிரே இதற்கு 'இரு தளபதிகள் புதிர்' என்று பெயர் சூட்டினார்.

யு.பி.ஐ.யில் வாங்குபவரின் வங்கி ஒரு குன்று. விற்பவரின் வங்கி மற்றொரு குன்று. நடுவே தேசிய பட்டுவாடாக் கழகத்தின் கணிப்பொறிகள் தூதராக ஓடுகின்றன. பணத்தைக் கழித்தாயிற்று, ஆனால் சேர்த்த செய்தி வரவில்லை என்ற நிலை ஒருபோதும் நேராதபடி செய்ய இயலாது. இயன்றதெல்லாம் இவைதாம்: ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி எண் கொடுத்து ஒன்றை இருமுறை செய்யாமல் காப்பது, செய்தி வராவிட்டால் திரும்பக் கேட்பது, குறித்த கெடுவுக்குள் தீராவிட்டால் பணத்தைத் திருப்பிவிடுவது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இந்தக் கெடுவை வகுத்தது. கடைக்காரருக்குச் செலுத்திய தொகை கழிந்தும் அவருக்கு உறுதிச்செய்தி வராவிட்டால், பரிமாற்ற நாளை அடுத்த ஐந்து நாட்களுக்குள் வாங்கியவருக்குத் தானாகத் திரும்ப வேண்டும்; தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு.

இந்த விதி காப்பது வாங்குபவரை. உறுதிச்செய்தி வராமலே பொருளைக் கொடுத்தனுப்பிய விற்பனையாளருக்கு இதில் பாதுகாப்பு இல்லை. தொகையைக் குரலில் அறிவிக்கும் சிறு பெட்டி கடைதோறும் குடியேறியதன் காரணம் இதுவே. வாங்குபவர் காட்டும் படத்தை நம்பாமல், தம் பக்கத்துச் செய்தியைத் தாமே கேட்க விரும்புகிறார் வாணிகர். பழைய மணியார்டர் ஒப்புகைச் சீட்டின் வாரிசு அந்தப் பெட்டி!

திரும்பத் திரும்பக் கேட்பதிலும் ஆபத்து உண்டு. 2025 ஏப்ரல் 12-ஆம் நாள் நாடெங்கும் யு.பி.ஐ. தடுமாறியது. பரிமாற்றம் என்னவாயிற்று என்று சில வங்கிகள் அளவின்றி விசாரணைச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருந்தது காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. பணத்தைச் சுமக்க வேண்டிய பாதையைக் 'பணம் வந்ததா?' என்ற கேள்வியே அடைத்துவிட்டது. அதன்பின், ஒரு பரிமாற்றத்தின் நிலையை மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது, இடையே 90 நொடி விட வேண்டும் என்ற கட்டுப்பாடு 2025 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தது.

நம்பிக்கை ஆட்டம் கண்ட நாட்கள்

கணக்கிலிருந்து கணக்குக்கு நேராகச் செல்லும் முறையும் ஏதேனும் ஒரு வங்கியின் தோளில்தான் நிற்கிறது. 2020 மார்ச் 5-ஆம் நாள் யெஸ் வங்கிக்குத் தடை விதிக்கப்பட்டபோது, அவ்வங்கியைச் சார்ந்திருந்த போன்பே சேவை அன்றிரவே முடங்கி, வேறொரு வங்கியின் துணையால் மறுநாள்தான் எழுந்தது. 2024 ஜனவரி 31-இல் பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிமீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. அவ்வங்கியில் கணக்கு வைத்திருந்த கடைக்காரர்கள் மார்ச் 15-க்குள் தம் வரவை வேறு வங்கிக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இரண்டாம் கேள்வியும் மீண்டும் தலைதூக்கியது. எங்கோ மோசடியில் பணம் இழந்தவர் 1930 என்ற எண்ணில் முறையிடுகிறார். அந்தப் பணம் சென்ற வழியெல்லாம் காவல்துறை தொடர்கிறது. மோசடிக்காரன் அதில் ஒரு சிறு பகுதிக்குக் கடையில் சாமான் வாங்கியிருந்தால், கடைக்காரரின் கணக்கும் வலையில் விழுகிறது. சில நூறு ரூபாய்க்காக முழுக் கணக்கும் முடங்கிய நிகழ்ச்சிகள் 2023-இல் கேரளத்தில் பெரும் பேச்சாயின. பணத்தை இழந்தவருக்கு இந்த வேகம் இன்றியமையாதது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஐயத்துக்குரிய தொகை எவ்வளவு என்று வரையறுக்காமல் கணக்கு முழுவதையும் முடக்குவது முறையன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் கூறியது. ஐயத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்தால் இரு தரப்பும் பிழைக்கும்.

2025 ஜூலையில் நம் அண்டை நகரமான பெங்களூரில் நடந்தது சற்றே வேறு வகை. யு.பி.ஐ. வரவுகளைக் கொண்டு கணக்கிட்டுக் கர்நாடக வணிகவரித் துறை சிறு வணிகர்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. பலர் கியூ.ஆர். அட்டைகளைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வைத்தனர். இங்கே பழுதுபட்டது பணத்தின் பாதை அன்று. பணம் விட்டுச்செல்லும் சுவடு தமக்கு எதிராகப் பேசும் என்ற அச்சமே காரணம். வரி செலுத்தத்தான் வேண்டும். ஆனால் மொத்த வரவு வேறு, வருமானம் வேறு. வரிவிலக்குள்ள காய்கறியும் பாலும் விற்றவரின் வரவும் அதில் அடங்கும். இந்த வேறுபாட்டை முன்னரே எடுத்துச் சொல்லியிருந்தால் அந்த அட்டைகளில் பல சுவரிலேயே இருந்திருக்கும்.

விற்பவர் செய்யத்தக்கவை

இந்த வரலாற்றிலிருந்து வீட்டில் இருந்தபடி விற்கத் தொடங்கும் மாணவர்களும் மகளிர் குழுக்களும் சில நடைமுறைகளைக் கைக்கொள்ளலாம். வாங்குபவர் அனுப்பும் படத்தைச் சான்றாகக் கொள்ளாமல், தம் வங்கிக் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பின்னரே பொருளை அனுப்ப வேண்டும். விற்பனை வரவுக்கென ஒரு கணக்கும் வீட்டுச் செலவுக்கென ஒரு கணக்கும் வைத்திருந்தால், ஒன்று முடங்கினாலும் அடுப்பு எரியும். இடைநிலை நிறுவனத்தின் கணக்கில் பணத்தைச் சேர்த்துவைக்காமல் அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு விற்பனைக்கும் பரிமாற்ற எண், பட்டியல், அனுப்பிய சீட்டு மூன்றையும் பாதுகாக்க வேண்டும். கணக்கு முடக்கப்பட்டால் நேர்மையை மெய்ப்பிக்கும் சாட்சி அவைதாம். ஒரே சேவையை நம்பியிராமல் இரண்டு வழிகளை வைத்திருப்பது நல்லது.

இவை விற்பவரின் பங்கு. நிறுவனங்களுக்கும் அரசுக்கும் உரிய பங்கு இதைவிடப் பெரிது. கருவிகள் பிழை செய்யும். தூதர் வழியில் தவறுவர். வங்கிகள் சில வேளை சறுக்கும். கணக்கியலும் அறிவியலும் இதைத் தெளிவாகவே காட்டிவிட்டன. பிழையே நேராத சேவையை எந்த வாணிகரும் எதிர்பார்ப்பதில்லை. பிழை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளில் தீரும், அதுவரை எவ்வளவு தொகை நிறுத்திவைக்கப்படும் என்ற மூன்றுக்கும் முன்கூட்டியே விடை தெரிந்தால் போதும், அவர் துணிந்து சரக்கை அனுப்புவார். அந்த விடைகளை எழுத்தில் கொடுப்பதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.